கட்டுவதா? வாங்குவதா?

ஒரு பொருளை நாமே செய்துகொள்வது சிறந்ததா, கடையில் வாங்கிக்கொள்வது சிறந்ததா என்பது பட்டிமன்றத்திற்கு ஏற்ற தலைப்பு. ஊறுகாயில் தொடங்கிச் சீருடை வரை ஒவ்வொரு வீட்டிலும் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ‘வீட்டில் போட்டால்தான் ருசி’ என்று பாட்டி ஒரு பக்கம். ‘அதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று அம்மா மறுபக்கம். இவ்வாண்டு அதே வழக்கு எங்கள் அறிவியல் மன்றத்திலும் எழுந்தது. ஆனால் இங்கே வழக்கிற்கு வந்த பொருள் ஊறுகாயும் அன்று, சீருடையும் அன்று. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் உள்ளங்கை அளவுப் பலகை. அதுவும் எதற்காக? ஒன்றோடொன்று மோதிச் சண்டையிடும் ரோபோவிற்காக!

“சண்டையா? நம் பள்ளியிலா?” என்று சிஸ்டர்மாரும் பெற்றோரும் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். இந்த விளையாட்டில் மனிதர் எவரும் களத்தில் இறங்குவதில்லை. உடையாத பாலிகார்பனேட் தகடுகளால் அடைக்கப்பட்ட கூண்டுக்குள் இரண்டு இயந்திரங்கள் மோதும். அவற்றைச் செய்தவர்கள் வெளியே நின்று ரேடியோக் கருவியால் இயக்குவார்கள். 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஃபோர்ட் மேசன் என்னும் இடத்தில், மார்க் தார்ப் என்பவர் ‘ரோபோ வார்ஸ்’ என்ற பெயரில் இப்போட்டியை நடத்தினார். 1998-இல் பி.பி.சி. தொலைக்காட்சி அதே பெயரில் பிரிட்டனில் இதை ஒளிபரப்பத் தொடங்கியது. 1999-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் ‘பேட்டில்பாட்ஸ்’ பிறந்தது. நம் நாட்டிலும் மும்பை ஐ.ஐ.டி.யின் ‘டெக்ஃபெஸ்ட்’ விழாவில் இத்தகைய போட்டி நடந்து வருகிறது. இது ஆண்பிள்ளைகளின் ஆட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். லிசா வின்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1990களில், சிறுமியாக இருந்தபோதே, தம் தந்தையுடன் சேர்ந்து ரோபோ செய்து களத்தில் நின்றவர்.

எங்கள் ரோபோவில் கத்தியும் இல்லை, சுத்தியும் இல்லை. 8 கிலோ எடையுள்ள ஒரு வண்டி. அதன் முன்னே முறம் போன்ற ஒரு சாய்தகடு. எதிரியை அந்த முறத்தில் ஏற்றித் தள்ளிவிடுவதே அதன் போர்த்திறம். இதற்கு வேண்டியவை இரண்டு மோட்டார்களும், ஒரு 12 வோல்ட் பேட்டரியும், அவ்விரண்டுக்கும் நடுவே நின்று ‘இவ்வளவு போ, இப்பக்கம் போ, நில்’ என்று ஆணையிடும் வேகக் கட்டுப்படுத்தியும்தான்.

வேகக் கட்டுப்படுத்தி என்றதும் மிரள வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்விசிறி ரெகுலேட்டர் ஒரு வேகக் கட்டுப்படுத்தியே. மோட்டார் பூட்டிய தையல் இயந்திரத்தின் கால்மிதியும் அதுவே. பழைய காலத்துப் பெரிய ரெகுலேட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது சூடாக இருக்கும் என்பது தெரியும். விசிறிக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தடைக்கம்பியில் வெப்பமாக்கி வீணடித்துத்தான் அது வேகத்தைக் குறைத்தது. ரோபோவிலோ பேட்டரி சிறியது, வீணடிக்க இடமில்லை. ஆகவே வேறு வழி பின்பற்றப்படுகிறது. மின்சாரத்தைக் குறைப்பதில்லை, ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை முழுவதுமாகத் திறந்து, முழுவதுமாக மூடுகிறார்கள். திறந்த நேரமும் மூடிய நேரமும் சமமாக இருந்தால் மோட்டாருக்குச் சராசரியாகப் பாதி அழுத்தம் கிடைக்கும். திறந்த நேரத்தைக் கூட்டினால் வேகம் கூடும்.

இப்படித் திறந்து மூடும் சுவிட்சு, மாஸ்ஃபெட் என்னும் சிறு பொருள். முன்னும் பின்னும் ஓட வேண்டுமானால் ஒரு மோட்டாருக்கு நான்கு மாஸ்ஃபெட் வேண்டும். ஆங்கில ஹெச் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் மோட்டார், நான்கு கால்களிலும் நான்கு சுவிட்சுகள். குறுக்காக இரண்டைத் திறந்தால் முன்னோட்டம். மற்ற இரண்டைத் திறந்தால் பின்னோட்டம். ஆனால் ஒரே பக்கத்தின் மேலும் கீழும் ஒருசேரத் திறந்துவிட்டாலோ, பேட்டரியின் இரு முனைகளும் நேராக இணைந்து, கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் கரியாகும்.

நிற்க. எங்கள் கதைக்கு வருவோம்.

சென்ற ஜூலையில், யோசனை எதுவுமின்றி, நாங்கள் ஒரு கட்டுப்படுத்தியை விலைக்கு வாங்கினோம். அதன் அட்டையில் ‘40 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருந்தது. எங்கள் மோட்டார் எவ்வளவு இழுக்கும் என்று விற்றவரைக் கேட்டோம். “மீறினால் முப்பது” என்றார். முப்பதைவிட நாற்பது பெரிது. இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும் என்று பூட்டிவிட்டோம். ரோபோ நன்றாகவே ஓடியது. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து முழுவேகத்தில் வந்ததைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தோம். ‘டப்’ என்று ஒரு சத்தம், ஒரு நாற்றம், அவ்வளவுதான். பெற்றோரிடம் மீண்டும் கைநீட்டி அதே பலகையை மறுபடியும் வாங்கினோம். பத்து நாளில் அதுவும் அதே விதமாக எரிந்தது.

எரிந்த பலகையைச் சுற்றி நாங்கள் நின்றபோது எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, “அக்கா, அது ஏன் எரிஞ்சுது?” என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. “சீனா சரக்கு, அப்படித்தான் இருக்கும்” என்றாள் ஒருத்தி. “நம் ராசி” என்றாள் மற்றொருத்தி. இயற்பியலில் ஓமின் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்! இரண்டு முறை பணம் போனதைவிட, அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதே எங்களை அதிகம் சுட்டது. அன்று மாலைதான் ‘கட்டுவதா, வாங்குவதா?’ என்ற வழக்கு மன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

வாங்க வேண்டும் என்ற கட்சியினரின் வாதம் வலுவானதே. விற்பனைக்கு வரும் நல்ல கட்டுப்படுத்தியைப் பலர் பல ஆண்டுகள் சோதித்திருப்பார்கள். நாம் தனியாகச் செய்தால் செலவு குறையும் என்பது கனவு. பழகும்போது எரியும் உதிரிப்பொருள்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் கடை விலையைத் தாண்டிவிடும். டிரோன்களுக்காகச் செய்யப்படும் பிரஷ் இல்லாத மோட்டார்களின் கட்டுப்படுத்திகளோ தபால்தலை அளவுதான் இருக்கின்றன. அந்த நுண்ணிய வேலை நம் கைக்கு அடங்குமா? மேலும், போட்டியில் வெல்வது வண்டியின் வடிவமும் ஓட்டுபவரின் பயிற்சியுமே. பலகை செய்வதில் மூன்று மாதம் போனால் ஓட்டிப் பழகுவது எப்போது? ஆகவே வாங்குவோம் என்றனர்.

கட்ட வேண்டும் என்ற கட்சியினர் வரலாற்றைத் துணைக்கு அழைத்தனர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ரோபோ ஆர்வலர்கள் பலருக்கும் இதே தொல்லை இருந்தது. பெரிய மோட்டாரைத் தாங்கும் கட்டுப்படுத்திகள் விலை உயர்ந்தவை, எரிந்தால் பெருநஷ்டம். எனவே அவர்களில் சிலர் கூடி, ஒரு மோட்டாருக்கு 16 மாஸ்ஃபெட்டுகள், அதாவது ஹெச்சின் ஒவ்வொரு காலுக்கும் நான்கு, கொண்ட ஒரு பலகையை வடிவமைத்தார்கள். ஒரு மாஸ்ஃபெட் சுமக்கும் பாரத்தை நால்வர் பகிர்ந்து சுமப்பது போன்ற ஏற்பாடு அது. வரைபடத்தைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ‘திறந்த மூல மோட்டார் கட்டுப்படுத்தி’ என்பதே அதன் பெயரின் பொருள். அது எங்கே எரிகிறது, ஏன் எரிகிறது என்பதையும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பழக்கமே அவர்களுடைய உண்மையான கண்டுபிடிப்பு என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வாதம் முடியவில்லை. “இரண்டு மாதம் தருகிறேன். கட்டிப் பாருங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றார் எங்கள் இயற்பியல் ஆசிரியை. கட்டிப் பார்த்தோம்.

முதல் பாடம் சூடு. ஆர்டுயினோ பலகையின் 5 வோல்ட்டை நேராக மாஸ்ஃபெட்டின் வாயிலுக்குக் கொடுத்தோம். மோட்டார் ஓடியது, ஆனால் மாஸ்ஃபெட்டைத் தொட்ட விரல் சுட்டது. எங்களிடம் இருந்த வகைக்கு ஏறத்தாழ 10 வோல்ட் கிடைத்தால்தான் அது முழுவதும் திறக்கும். பாதி திறந்த குழாயில் தண்ணீர் சீறுவதுபோல, பாதி திறந்த மாஸ்ஃபெட்டில் மின்சாரம் வெப்பமாகச் சீறுகிறது. இதற்கென உள்ள இயக்கிச் சில்லைச் சேர்த்த பிறகே அது தணிந்தது.

இரண்டாம் பாடம் பொறுமை. முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்திற்கு மாறும்போது, திறந்திருக்கும் சுவிட்சு மூடிவிட்டதா என்று பார்க்காமல் அடுத்ததைத் திறக்கும்படி நிரல் எழுதியிருந்தோம். மேலும் கீழும் ஒருசேரத் திறந்துகொண்டன. நல்லவேளையாக, ஆசிரியை சொன்னபடி பேட்டரிக்கும் பலகைக்கும் நடுவே 12 வோல்ட், 55 வாட் கார் விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்திருந்தோம். பலகை எரிவதற்குப் பதிலாக விளக்கு பளிச்சென்று எரிந்து எங்கள் தவற்றைக் காட்டிக் கொடுத்தது. ஒன்று மூடி, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி காத்திருந்து, பிறகு மற்றொன்றைத் திறக்க வேண்டும் என்பதை அந்த விளக்கே கற்பித்தது.

மூன்றாம் பாடம்தான் எட்டாம் வகுப்புத் தங்கையின் கேள்விக்கு விடை. மோட்டாரின் அச்சைச் சுழலாதபடி இறுகப் பிடித்து, மிகச் சிறிய அழுத்தம் கொடுத்து அளந்தோம். 1.2 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் ஓடியது. ஆகவே சுருளின் தடை 0.4 ஓம். 12 வோல்ட் கொடுத்து மோட்டார் சுழலாமல் சிக்கிக்கொண்டால் 12-ஐ 0.4-ஆல் வகுக்க, 30 ஆம்பியர். விற்றவர் சொன்னது பொய்யன்று. ஆனால் சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும் ஆகும் அன்றோ? முழுவேகத்தில் ஓடும்போது அது தானே 11 வோல்ட்டுக்கு மேல் எதிர் அழுத்தம் உண்டாக்குகிறது. ஓடும்வரை அது பேட்டரியை எதிர்த்து நின்று மின்னோட்டத்தைக் குறைக்கிறது. நாம் சட்டென்று திசையை மாற்றினால், அதுவரை எதிர்த்து நின்ற அழுத்தம் பேட்டரியோடு கைகோத்துக்கொள்கிறது. 12-உம் 11-உம் சேர்ந்து 23 வோல்ட், 0.4-ஆல் வகுத்தால் 57 ஆம்பியருக்கு மேல்! கம்பிக்கும் பேட்டரிக்கும் உள்ள தடையைக் கழித்தாலும் அட்டையில் எழுதிய நாற்பதை அது தாண்டிவிடும்.

வெப்பக் கணக்கோ இன்னும் கொடியது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 0.01 ஓம் தடையுள்ள ஒரு மாஸ்ஃபெட்டில் 10 ஆம்பியர் ஓடினால் உண்டாகும் வெப்பம் 1 வாட். 30 ஆம்பியரில் 9 வாட். 57 ஆம்பியரில் 32 வாட்டுக்கும் மேல். நாங்கள் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! விரல் நகம் அளவுள்ள பொருளுக்குள் அதைவிடச் சூடான நெருப்பை வைத்துவிட்டு, ‘நம் ராசி’ என்று பேசிக்கொண்டிருந்தோம். எரித்தது சீனாவும் அன்று, ராசியும் அன்று, எங்கள் கட்டைவிரல்.

இவ்வளவு தெரிந்தபின் நாங்கள் செய்த பலகையையே களத்தில் இறக்குவோம் என்று கட்டும் கட்சியினர் வெற்றி முழக்கம் செய்தனர். அப்போதுதான் நான்காம் பாடம் வந்தது. சக்கரங்கள் தரையில் படாதவாறு ரோபோவைக் கட்டைமேல் தூக்கி வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி ரேடியோக் கருவியை அணைத்தாள். சக்கரங்கள் நிற்கவில்லை. முழுவேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தன! ரேடியோவிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 50 முறை ஒரு துடிப்பு வரும். துடிப்பின் நீளம் ஒன்று முதல் இரண்டு மில்லிநொடி. ஒன்றரை என்றால் ‘நில்’. துடிப்பே வராமற்போனால் என்ன செய்வது என்பதை எங்கள் நிரலில் எழுத மறந்திருந்தோம். எனவே அது கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு ஓடியது. அன்று அது தரையில் இருந்திருந்தால் 8 கிலோ எடை யாருடைய காலின்மேல் பாய்ந்திருக்குமோ! ரேடியோ அற்றுப்போனால் ரோபோ தானே நிற்க வேண்டும் என்று போட்டிகளில் கண்டிப்பாகச் சோதிப்பது எதற்காக என்பது அன்று எங்களுக்கு விளங்கியது.

ஆகவே எங்கள் தீர்ப்பு இதுதான். முதலில் ஒன்றைக் கட்டு. பிறகு ஒன்றை வாங்கு. கட்டுவது மேசைக்கு, வாங்குவது களத்திற்கு. கட்டியவள் எரியும் காரணத்தை அறிவாள். ஆனால் தான் மறந்தது இன்னும் என்னவெல்லாம் இருக்கும் என்ற அச்சமும் அவளுக்கு வரும், வர வேண்டும். பிறர் அருகே நிற்கும் இடத்தில், பலர் சோதித்த பொருளை நம்புவது சோம்பேறித்தனம் அன்று, பொறுப்பு. அதே சமயம், ஒன்றையும் கட்டிப் பார்க்காமல் வாங்குகிறவள் அட்டையில் உள்ள எண்ணை வாங்குகிறாளே அன்றி, பொருளை வாங்கவில்லை.

வாங்கும்போது இப்போது நாங்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதுகிறோம். பின்னால் வரும் தங்கைகளுக்குப் பயன்படும். எழுதியிருக்கும் ஆம்பியர் எத்தனை நேரத்துக்கு? ஒரு நொடிக்கா, ஒரு மணிக்கா? வெப்பம் போக்கும் தகடு இல்லாமலா, அதனுடனா? முழுதும் ஏறிய பேட்டரியின் வோல்ட்டைத் தாங்குமா? திசையை மாற்றும்போது தானே நிதானித்து மாறுமா? பேட்டரியை முனை மாற்றி இணைத்தால் பிழைக்குமா? ரேடியோ அணைந்தால் நிற்குமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் கடைக்காரர் சொல்லும் பதிலை ஏற்கக்கூடாது. சக்கரங்களைத் தூக்கி வைத்து நாமே அணைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கு ரோபோவோடு முடிவதன்று. வீட்டில் மிக்ஸி நின்றால், தண்ணீர் மோட்டார் எரிந்தால், “புதிது வாங்கிவிடு” என்பதே இன்று முதல் பேச்சாகிவிட்டது. ஏன் எரிந்தது என்று கேட்க யாருக்கும் பொழுதில்லை. காரணம் தெரியாமல் மாற்றப்பட்ட பொருள், அதே காரணத்தால் மறுபடியும் எரியும். அந்தச் செலவு நம் பெற்றோரின் உழைப்பிலிருந்து அன்றோ போகிறது? பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று இன்னமும் எண்ணுகிற பெற்றோர் யாரேனும் இருந்தால், அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: எரிந்துபோன ஒரு பொருளையாவது உங்கள் மகள் திருகாணி கழற்றித் திறந்து பார்க்க அனுமதியுங்கள். ஆனால் அதற்குமுன் அது பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டிருப்பதை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் இப்போது எரிந்த பலகைகள் இரண்டு இருக்கின்றன. குப்பையில் போட இருந்தவற்றை மீட்டு வந்து, ஒவ்வொன்றின் கீழும் அது எரிந்த நாளையும் காரணத்தையும் எழுதி ஒட்டியுள்ளோம். எரிந்ததற்குக் காரணத்தை எழுதி அலமாரியில் வைக்காமல், மாற்றுப் பொருள் வாங்கப் பணம் கேட்கக்கூடாது என்று மன்றத்தில் விதியும் செய்துள்ளோம். சென்ற வாரம் அந்த எட்டாம் வகுப்புத் தங்கை அலமாரியின் முன் நின்று, தன் தோழிக்கு 57 ஆம்பியர் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் வகுத்தலில் தவறினாள், அவளே திருத்திக்கொண்டாள். நாங்கள் குறுக்கிடவில்லை.

— அறிவியல் மன்ற மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு